காளிச்சாமி தோட்டத்துக்குப் போன வண்டி

என் தங்கை பத்மாவதி ஆறு வருஷம் நான்கு மாதம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டின் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தாள். 1953 ஜனவரியில் சேர்ந்தாள். 1959 மே மாதம் அந்த நாற்காலியிலிருந்து அவளை எழுப்பிவிட்டார்கள். இடையில் எத்தனையோ வீடுகளுக்குத் தீயணைப்பு வண்டியையும் ஆஸ்பத்திரி வண்டியையும் நேரத்துக்கு அனுப்பி வைத்தவள் அவள். ஆனால் அந்த ஊர்ப் பக்கத்தில் அவளைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு வண்டியைத்தான் சொல்வார்கள். தப்பான தோட்டத்துக்குப் போன வண்டி. நான் அவளுக்கு மூத்தவன். சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

நான் கோயமுத்தூரை அடுத்த கணபதியில் ஒரு பவுண்டரியில் பம்பு வார்ப்பதற்கு மர அச்சு செய்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எங்கள் வேலையில் அச்சு ஒரு நூல் பிசகினால் வார்ப்பு முழுவதும் வீண். அந்தப் பழக்கத்தில், தெரிந்ததை அளந்து எழுதுகிறேன், தெரியாததை விட்டுவிடுகிறேன். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சோமனூருக்குப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் போதும். அன்று அந்த வண்டிக்காகக் காத்திருந்த குடும்பத்தார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்த எக்ஸ்சேஞ்ச் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. மொத்தம் ஐம்பது லைன். சுவரை ஒட்டி மரத்தில் செய்த போர்டு. அதில் லைனுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் தகடுகள். யாராவது தம் வீட்டிலிருந்து போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய எண் போட்ட தகடு இங்கே டக்கென்று விழும். உடனே கார்டை, அதாவது இணைப்பு வயரை, அதில் செருகி, என்ன வேண்டும் என்று கேட்டு, வேண்டிய இடத்தோடு இணைக்க வேண்டும். கோயமுத்தூருக்கு இரண்டே கம்பிகள். பகல் முழுவதும் பத்மாவதி ஒருத்திதான். பின்னறையில் மேற்பார்வையாளர் கோபாலசாமி இருப்பார். நெருப்புக்கென்றும் விபத்துக்கென்றும் தனி நம்பர் அங்கே கிடையாது. தகடு விழுந்தால், அது நூல் விலை விசாரணையா, உயிர் போகிற சங்கதியா என்பது கார்டைச் செருகிக் காதில் கேட்கும் வரை தெரியாது.

காதில் கேட்டாலும் சில நேரம் தெரியாது. எங்கள் பக்கத்து மனிதர்களின் மரியாதை அப்படிப்பட்டது. சேர்ந்த புதிதில் ரைஸ் மில்காரர் ஒருவர் கூப்பிட்டதை அவள் வீட்டில் வந்து நடித்தே காட்டினாள்.

“ஏனுங்க அம்மிணி, சௌக்கியங்களா?”

“சௌக்கியமுங்க. நம்பர் சொல்லுங்க.”

“உங்க பக்கம் மழை கிழை பேஞ்சுதுங்களா?”

“இல்லீங்க. நம்பர்...”

“இங்கயும் இல்லீங்க. வேற ஒண்ணுமில்லீங்க, நம்ம சோளத்தட்டுப்போரு பத்திக்கிச்சு. எரிஞ்சுட்டு இருக்குது. உங்களுக்குச் சிரமமில்லீன்னா நெருப்பணைக்கிற வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

“சிரமமில்லீன்னாவாம், அண்ணா!” என்று சொல்லிச் சொல்லி எங்கள் அம்மா வெங்கடம்மாளும் அவளும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு பத்மாவதி சொன்னாள்: “பேச்சு மெதுவாத்தான் இருந்துது. ஆனா மூச்சு ஓடிட்டு இருந்துது. நான் அதைக் கவனிச்சிருக்கணும். மழையப் பத்திக் கேக்கறபோதே கம்பியப் புடிச்சு வெச்சிருக்கணும்.”

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் மூச்சைக் கேட்டாள். ஓடிவந்த மூச்சு, அழுது அடங்கிய மூச்சு, குடித்தவன் மூச்சு எல்லாவற்றுக்கும் வித்தியாசம் சொல்வாள். பதறிப் பேசுகிறவர்களிடம் ‘பதறாதீங்க’ என்று அவள் சொன்னதே இல்லை. அப்படிச் சொன்னால் இன்னும் பதறுவார்கள் என்பாள். தன் குரலை ஒரு படி இறக்கி, “இப்ப நீங்க எங்க நிக்கறீங்க?” என்று கேட்பாள். நிற்கிற இடத்தைச் சொல்ல ஆரம்பித்தால் ஆள் நிதானத்துக்கு வந்துவிடுவாராம். கோபாலசாமி பின்னறையிலிருந்து கேலி செய்வார்: “ஏம்மா பத்மாவதி, நீ டெலிபோன் பாக்கறயா, பூசாரித்தனம் பண்றயா? வந்த சாமிய மலையேத்தி அனுப்பற மாதிரியல்ல பேசறே!”

“மலையேறாத சாமிகிட்ட விலாசம் வாங்க முடியாதுங்க சார்” என்பாள்.

இன்னொரு தொல்லை, தலையாட்டுவது. போனைப் புதிதாகத் தொடுகிறவர்கள், முக்கியமாகத் தோட்டங்காட்டுப் பெண்கள், கேட்ட கேள்விக்கு எதிரில் ஆள் இருப்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். “தலையாட்டினா எனக்குத் தெரியாதுங்க. வாயில சொல்லுங்க” என்று தினம் பத்துத் தடவையாவது சொல்ல வேண்டியிருந்தது. இதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள் என்று அம்மா கேலி செய்வார்.

இதோடு சேர்ந்ததுதான் பெயர் விஷயம். அங்கெல்லாம் வீடுகள் ஊருக்குள் இல்லை. ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்குள் ஒரு வீடு, அதற்குப் போக இரண்டு பக்கமும் வேலி போட்ட ஒரு இட்டேரி. தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. தோட்டத்துக்காரர் பெயர்தான் விலாசம். வீட்டுப் பெண்ணோ அந்தப் பெயரைச் சொல்லமாட்டாள். புருஷன் பெயரும் மாமனார் பெயரும் வாயில் வரக்கூடாது என்பது முறை. ஆகவே பத்மாவதி தானே ஒவ்வொரு பெயராகச் சொல்லுவாள். “ஆமாங்க” என்று வந்ததும் நிறுத்துவாள்.

அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருந்தாள். நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பக்கம். அந்தப் போன் இருக்கும் இடத்தைச் சுற்றி யார் யார் தோட்டம், எந்த இட்டேரியில் வண்டி நுழையும், எதில் நுழையாது, எந்தக் கிணற்றுக்குப் படி உண்டு என்று எழுதியிருப்பாள். வெளியூர் டிரங்க் காலுக்காகக் காத்திருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துச் சேர்த்தது. இதைச் செய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. 1957-இல் மாமனார் மச்சுப்படியிலிருந்து விழுந்துவிட்டார் என்று ஒரு பெண் கூப்பிட்டபோது, நான்காவது பெயரில் “ஆமாங்க” வந்தது. ஆஸ்பத்திரி வண்டி இருபது நிமிஷத்தில் அந்த வாசலில் நின்றது. பெரியவர் பிழைத்து, ஒரு கூடை மாங்காய் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் ஊறுகாய் தீர ஒரு வருஷம் ஆயிற்று.

1959 ஏப்ரல் 23, வியாழக்கிழமை. பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு மெயின் ரோட்டு ஜின்னிங் பாக்டரியின் தகடு விழுந்தது. அப்போது அங்கே பருத்தி வேலை இல்லை. பாக்டரி பூட்டிக் கிடந்தது. பீர் முகம்மது என்ற காவல்காரர் மட்டும் இருந்தார். கோயமுத்தூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவர் கைப்பிடியைச் சுற்றி, “இந்தம்மா பேசறாங்க, கேளுங்க” என்று சொல்லிப் போனை ஒரு பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுக் கயிறு தேடப் போய்விட்டார்.

அந்தப் பெண் பழனாத்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். முக்கால் மைல் ஓடி வந்திருக்கிறாள். அவள் புருஷன் அப்புசாமி கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். காலையில் வேட்டு வைத்துப் பாறையை உடைத்திருக்கிறார்கள். கல்லை அள்ள அவன் உள்ளே இறங்கியதும் பக்கத்து மண் சரிந்து நெஞ்சு வரைக்கும் மூடிவிட்டது. கூட இருந்த இரண்டு ஆட்களும் கையால் மண்ணை வாரிக்கொண்டிருந்ததால் அவள்தான் ஓட வேண்டியிருந்தது.

“கெணத்துல மண்ணு சரிஞ்சுருச்சுங்க. உசுரோட இருக்கறாருங்க. வண்டி வரச் சொல்லுங்க சாமி.”

பத்மாவதி ஒரு காதில் அவளைக் கேட்டுக்கொண்டே கோயமுத்தூர்க் கம்பியைப் பிடித்துத் தீயணைப்பு நிலையத்தையும் இணைத்துவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“எங்கீங்க? யாரு தோட்டம்?”

பதில் இல்லை. பெயர் வராது என்று அவளுக்குத் தெரியும். நோட்டில் ஜின்னிங் பாக்டரிப் பக்கத்தைத் திருப்பினாள். சுற்றிலும் ஐந்து தோட்டம்.

“அப்புசாமி தோட்டமுங்களா?”

சத்தம் இல்லை. மூச்சு மட்டும்.

மற்றக் கம்பியில் தீயணைப்பு நிலையத்துக்காரர், “எடத்தச் சொல்லுங்கம்மா, வண்டி கெளம்பி நிக்குது!” என்று கத்தினார்.

“மாரப்பன் தோட்டமுங்களா?”

அழுகை ஆரம்பித்தது.

“காளிச்சாமி தோட்டமுங்களா?”

“சீக்கிரமுங்க! சாமி, சீக்கிரம் வரச் சொல்லுங்க!”

அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். காளிச்சாமி தோட்டம், கிணற்றில் ஆள், மண் சரிவு, பலகையும் கயிறும் கொண்டு வாருங்கள் என்று சொல்லி வண்டியை அனுப்பினாள். பிறகு பழனாத்தாளிடம் தன் வழக்கப்படி, “நீங்க ரோட்டுல நின்னு வண்டிக்குக் கை காட்டுங்க. வண்டி வர்ற வரைக்கும் எங்கயும் போயிராதீங்க” என்றாள். வழி காட்ட ஆள் நிற்பது அவள் எப்போதும் செய்யும் ஏற்பாடு. அதனால் முன்பு பல வண்டிகள் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

காளிச்சாமி தோட்டத்து இட்டேரி, ஜின்னிங் பாக்டரிக்கு ஒன்றரை மைல் முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. கோயமுத்தூரிலிருந்து வந்த வண்டி பன்னிரண்டு முப்பதுக்கு அங்கே திரும்பி உள்ளே போயிற்று. காளிச்சாமியின் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் விழவில்லை. வண்டிக்காரர்கள் வேறு கிணறு ஏதாவது இருக்கிறதா என்று அந்தப் பக்கம் முழுவதும் சுற்றினார்கள். பழனாத்தாள் ஜின்னிங் பாக்டரி வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வண்டிக்காரர் ஒரு மில்லிலிருந்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, “அம்மா, இங்க ஒண்ணும் இல்லீங்களே” என்றார். கேட்டவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டதாம். “அப்புசாமி தோட்டம்! ஜின்னிங் பாக்டரிக்கு எதிர் இட்டேரி! போங்க!” என்று கத்தியிருக்கிறாள். அவள் கத்தி அதுவரை கேட்டதில்லை என்று கோபாலசாமி பின்னால் என்னிடம் சொன்னார். வண்டி கிணற்றடிக்குப் போகும்போது ஒன்று இருபது.

அப்புசாமி ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தான். பிறகு மறுபடியும் மண் சரிந்தது. கடைசியாக, பழனாத்தா எங்கே என்று கேட்டானாம்.

அன்று சாயங்காலம் பத்மாவதி வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். அம்மா காபி கொடுத்தார். அது ஆறியது. “ஒரு தடவை, வாயில சொல்லுங்கன்னு சொல்லியிருந்தாப் போதும்” என்றாள். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் அன்று அவள் அந்த வார்த்தையைத் தமிழிலேயே சொன்னாள்.

நான்கு நாள் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. மே 9-ஆம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். கோபாலசாமி நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“வேங்கடசாமி, உங்க தங்கச்சிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. ஒரே ஒரு வரி. ‘காளிச்சாமி தோட்டம் என்று அழைத்தவரே கூறினார்.’ இவ்வளவு எழுதினாப் போதும். லைன்ல ரெண்டு பேருதானே இருந்தாங்க? அந்தம்மா வந்து இல்லேன்னு சொல்லப்போறாங்களா?”

நான் அவளைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: எழுதிவிட்டால் தேவலை என்றுதான் எனக்கும் இருந்தது. போர்டின் முன்னால் உட்காருவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

“அவங்க தலையாட்டினாங்களான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலீங்க சார். தெரிஞ்சதுக்கு அப்பறம் எழுதறேன்” என்றாள் பத்மாவதி.

அந்த வாரமே பீர் முகம்மது பாக்டரிப் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டார். அன்று அந்தப் பெண்ணுக்குப் போனைப் பிடித்துக் கொடுத்தவர் என்பதால் அவருக்கு மனசு ஆறவில்லை. அப்புசாமியின் அண்ணன் தம்பிதுரை என்பவரும் தாயார் முத்தாத்தாளும், பழனாத்தாள்தான் வண்டியைத் தப்பான தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லிப் புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று ஊர் முழுவதும் சொல்கிறார்களாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறார்களாம். ஒரு வயதுப் பெண் குழந்தையை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்வார்களாம்.

“அம்மிணி, அந்தப் பொண்ணு வாயத் தொறக்க மாட்டீங்குதாம். ஆமாங்கறதும் இல்லை, இல்லைங்கறதும் இல்லையாம்” என்றார்.

பதினாறாம் நாள் மே 8. நாங்கள் இருவரும் 7-ஆம் தேதி காலையில் புறப்பட்டோம். நான் பவுண்டரிக்கு லீவு சொல்லியிருந்தேன். முதலில் ஜின்னிங் பாக்டரிக்குப் போனோம்.

“பாய், நீங்க போனைக் குடுத்துட்டுப் போறபோது அவங்களைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“கதவுகிட்டப் போயி ஒரு தடவை திரும்பிப் பாத்தேனுங்க. தலைய ஆட்டிட்டு இருந்தாங்க. மூணு நாலு தடவை, நல்லா ஆட்டினாங்க.”

“மண்ணு சரிஞ்சுதுன்னு சொன்னதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“அதைச் சொன்னது காதுல உழுந்துதுங்க. அப்பறந்தான் ஆட்டினாங்க.”

“அப்ப அழுதாங்களா?”

“இல்லீங்க. நான் வெளிய வந்ததுக்கு அப்பறந்தான் அழுகைச் சத்தம் கேட்டுது.”

பத்மாவதி கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மண் சரிந்ததைச் சொன்னது, பிறகு அப்புசாமி என்ற பெயர், பிறகு மாரப்பன் என்றபோது அழுகை. இடையில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அவள் கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துப் பாக்டரி மேஜை மேல் வைத்து, ஒரே மாதிரி இரண்டு பிரதி எழுதினாள். வேகமாக எழுதவில்லை, நேரம், நிமிஷம் எல்லாம் போட்டு எழுதினாள். கடைசியில், ‘அழைத்தவர் எந்தப் பெயரையும் கூறவில்லை. காளிச்சாமி என்ற பெயரைக் கூறியது நான். உறுதி செய்துகொள்ளாமல் வண்டியை அனுப்பியதும் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இட்டேரியில் நடக்கும்போது நான், “வாயில சொன்னாப் போதும், அம்மிணி. காயிதம் வேண்டாம். காயிதம் போனா அது ஆபீசுக்குப் போயிரும்” என்றேன்.

“வாயில சொல்றத அவங்க நாளைக்கு மாத்திக்குவாங்க, அண்ணா” என்றாள்.

தோட்டத்து வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தம்பிதுரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் காரியத்துக்கு வந்த நாலைந்து பங்காளிகளும் இருந்தார்கள். முத்தாத்தாள் சுவரோரம் தரையில் சாய்ந்திருந்தார்.

“வாங்க. யாருங்க, எந்தூருங்க?” என்றார் தம்பிதுரை. துக்க வீட்டிலும் அவர் எழுந்து நின்றுதான் கேட்டார்.

“டெலிபோன்ல வேலை பாக்கறேனுங்க. அன்னைக்கு வண்டிய அனுப்பினது நானுங்க.”

அவர் உட்காரச் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டார். “அனுப்பினது நீங்க. அங்க அனுப்பச் சொன்னது எங்க ஊட்டுப் பொம்பளை.”

“இல்லீங்க. அவங்க வாயில ஒரு பேரும் வரலீங்க. காளிச்சாமின்னு சொன்னது நானு. அதுக்கு முன்னாலயே உங்க தம்பி பேரைக் கேட்டேன். அவங்க ஆமான்னு தலையாட்டியிருக்காங்க. நான் இல்லைன்னு எடுத்துட்டேன்.”

முத்தாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன், பேரைச் சொன்னா வாயி வெந்தா போயிரும்? எம்பையன் மண்ணுக்குள்ள கெடக்கறான், இவ அங்க மொறை பாத்துட்டு நின்னாளாக்கும்!”

“ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரர் பேரென்னங்க?” என்று கேட்டாள் பத்மாவதி.

கிழவி வாயைத் திறந்தார். பங்காளிகள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அவர் பையன் செத்ததற்கு நான் கண்ணால் பார்த்த அழுகை அதுதான். அந்தக் கேள்வியை இவள் கேட்டிருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

தம்பிதுரையின் முகம் கறுத்துவிட்டது. “அப்ப எந்தம்பியக் கொன்னது நீயி.”

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். பத்மாவதி கையை நீட்டி என்னைத் தடுத்தாள். “தப்பு என்னுதுங்க” என்றாள்.

“நாளைக்குப் பத்துப் பேரு கேப்பாங்க. எழுதிக் குடுப்பயா?”

“எழுதியே கொண்டாந்திருக்கறேனுங்க.”

அவர் தாளை வாங்கி, படிக்கத் தெரிந்த ஒரு பங்காளியிடம் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார். தண்ணீர் வேண்டுமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்புவது என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கமாகத் திரும்பி நாங்கள் இட்டேரிக்கு வரும்போது, வீட்டின் பின்கதவுக்கு வெளியே பழனாத்தாள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. தாள் படித்தது அவளுக்குக் கேட்டிருக்கும். வாசலில் இருந்தவர்கள் பார்வைக்கு அந்த இடம் மறைவு.

“அவரு பேரை நீங்க மொதல்லயே சொல்லிட்டீங்க. நானும் ஆமான்னுட்டேனுங்க” என்றாள். குரல் மிகவும் சின்னது. “அப்பறமும் ஏன் ஊர்க்காரங்க பேரெல்லாம் கேக்கறீங்கன்னுதான் எனக்கு வெளங்கலை.”

பத்மாவதி அவள் பக்கம் ஒரு எட்டு வைத்தாள்.

“ரோட்டுல நில்லுன்னீங்க. நின்னேனுங்க.”

அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாறாம் நாளில் தம்பிதுரை அந்தத் தாளை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் படிக்கவைத்தார். பழனாத்தாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. குழந்தையும் அவளிடமே இருந்தது. அதே தாளை வைத்துத் தம்பிதுரை மேலிடத்துக்கு மனுவும் போட்டார். மற்றொரு பிரதியைப் பத்மாவதி 9-ஆம் தேதி தானே ஆபீசில் கொடுத்திருந்ததால் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. கோபாலசாமி இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மே கடைசியில் அவளைப் போர்டிலிருந்து எடுத்துக் கோயமுத்தூரில் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். யார் யாரோ பேசிய டிரங்க் கால்களின் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கட்டிவைக்கும் வேலை. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறாள். ஒரு சீட்டு இடம் மாறியதில்லை என்று அங்கே சொல்கிறார்கள்.

அவளுடைய நோட்டை அடுத்து வந்த ஆபரேட்டருக்குக் கொடுத்துவிட்டாள். சேர்ந்த பெண்ணை இரண்டு நாள் வீட்டுக்கு வரச்சொல்லி, எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தாள். கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தது. ஒன்று சத்தியமங்கலத்தில், நல்ல குடும்பம். “கெணத்து விஷயத்துல பேரு அடிபட்ட பொண்ணுதானே?” என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். இன்னொன்றை அவளே வேண்டாம் என்றாள். அம்மா 1962-இல் காலமானார். வீட்டில் இப்போது நானும் என் மனைவியும் அவளும்தான். பவுண்டரியில் போன் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தபோது அது மணியடித்தது. பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள். அடித்து ஓயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

1964 மார்ச்சில் சோமனூர்ச் சந்தைக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு அருகில் வந்தாள். கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண்.

“ஏனுங்க, போன்கார அம்மிணியோட அண்ணனுங்களா?”

பழனாத்தாள்தான். நன்றாக இளைத்திருந்தாள்.

“அவங்க சௌக்கியங்களா?”

“இருக்கறாளுங்க.”

“இன்னும் போன்லதான் இருக்கறாங்களா?”

“இல்லீங்க. அப்பவே எடுத்துட்டாங்க.”

குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

“அவங்க வந்து சொன்னதுனாலதான் இவ எங்கிட்ட இருக்கறா. நான் மறக்கலீங்க. ஆனா ஊட்டுல இப்ப வேற சொல்றாங்க. வண்டி எங்கயோ போச்சு, சரி. இவ ஏன் ஒரு மணி நேரம் ரோட்டுல நின்னா? புருசன்கிட்ட ஓடிவர மனசில்லை, ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்தாள்னு. அத்தை தெனமும் சொல்றாங்க. சோறு போடறப்ப சொல்றாங்க.”

“நீங்க சொல்றதுதானுங்களே? நிக்கச் சொன்னாங்கன்னு?”

“நாஞ் சொன்னா யாரு நம்பறா? அந்தக் காயிதத்துல அது இல்லீங்களாம்.”

உண்மைதான். அந்தத் தாளில் அது இல்லை. வழிகாட்ட ஆளை நிறுத்துவது முறையான வேலை; அதைத் தப்பாக அவள் நினைக்கவில்லை. அதனால் எழுதவில்லை. நானும் கவனிக்கவில்லை.

பஸ் வந்தது. பழனாத்தாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பத்மாவதியின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு தாளுக்காக அவள் இழந்தது போதும் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி நான்கு வருஷம் போய்விட்டது. அந்த நான்கு வருஷமும் அந்த வீட்டில் சோறு போடும்போதெல்லாம் பழனாத்தாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். இந்தக் கணக்கு என்னுடையது. என் தங்கையுடையது இல்லை.

நான் எழுதுவதை எல்லாம் பிழை பார்ப்பது பத்மாவதிதான். இதையும் அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். இங்கே வந்ததும் நிறுத்துவாள். என்னிடம் கோபித்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொள்ளமாட்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மணி பன்னிரண்டு அடிக்க ஆறு நிமிஷம் இருக்கும்போது, ரோட்டிலேயே நில்லுங்கள், எங்கும் போகாதீர்கள் என்று தான் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்த ஊர்ப் பக்கம் போகும் முதல் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு. நானும் கூடப் போவேன்.